விலக்கை நீக்க முப்பது நாள்

நிழல்வனம் குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கேனும் சாவி கிடையாது. தெருவாயில், மாடிப்படிக் கதவு, மின்தூக்கி, வீட்டுக் கதவு ஆகிய யாவும் வருபவரின் முகத்தைப் பார்த்துத் திறந்தன. பார்த்து ஒப்பவில்லையெனில் சிவப்பு விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தன. எந்த முகத்துக்கு எந்தக் கதவு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் கணினியின் உலாவியில் திறக்கும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. கோயம்புத்தூரின் கிழக்கு ஓரத்தில் இருந்த அக்குடியிருப்பின் அலுவலகத்தில் அமர்ந்து, பதினோர் ஆண்டுகளாக அப்பக்கத்தைப் பேணி வந்தவள் சுடர்விழி. தன் பதிவுகளில் இதுவரை ஒரு பிழையும் நேர்ந்ததில்லை என்று அவள் பிறரிடம் சொல்லிக்கொள்வதில்லை; பிறர் சொன்னால் மறுப்பதுமில்லை.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவள் காலை ஏழு மணிக்கு வந்தபோது, வாயிற்காவலர் சகாயராஜ் நாற்காலியில் அமராமல் நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது.

“மேடம், ஏ பிளாக் தொள்ளாயிரத்து நாலு. தாமோதரசாமி ஐயா தவறிட்டாக. விடியக்காலம் அஞ்சரைக்கு. நெஞ்சு வலிக்குன்னு சொல்லிக்கிட்டே கட்டில்ல சாய்ஞ்சவுகதானாம்.”

சுடர்விழி தோளில் கிடந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். பஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தாமோதரசாமி. பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். இக்கதவுகளைக் கொண்டுவந்தவரும் அவரே. கதவுகளுக்கான விதிகளைத் தம் கையால் எழுதியவரும் அவரே. பதவியை விட்ட பிறகும், மற்றவர்கள் செய்தித்தாளை விரிப்பது போல அவர் காலையில் கதவுகளின் குறிப்பேட்டை விரித்துப் பார்ப்பார். ஏழேகாலுக்கு அவளுடைய தொலைபேசி ஒலிக்கும். “ஏனம்மிணி, நேத்து பி பிளாக் மாடிக்கதவு நாலு நிமிஷம் தொறந்தே கெடந்திருக்குதே, எவன் கல்லு வெச்சது?”

அன்று ஏழேகாலுக்குத் தொலைபேசி ஒலிக்கவில்லை.

அவள் கணினியைத் திறந்து, அவ்வீட்டுக்கு எதிரே ‘துக்க அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தினாள். அப்பொத்தான் முதலில் அந்தப் பக்கத்தில் இருந்ததன்று. அதை எழுதிக் கொடுத்த நிறுவனத்தார் வெளியூர்க்காரர்கள். அவர்கள் கணக்குப்படி வெளியார் யார் வந்தாலும் வீட்டார் அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும். குடியிருப்பில் நிகழ்ந்த முதல் மரணத்தின்போது இருநூறு பேர் தெருவில் நிற்க, கணவனை இழந்தவள் ஒப்பாரிக்கு நடுவே கைபேசியை எடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் ‘சரி’, ‘சரி’ என்று அழுத்திக்கொண்டிருந்தாள். அக்காட்சியைக் கண்ட சுடர்விழி மறுநாளே நிறுவனத்தாரை அழைத்தாள். “அப்படியானால் துக்க வீட்டுக்கு விருந்தினரை யார்தான் அழைப்பார்கள்?” என்று அவர்கள் கேட்டார்கள். யாரும் அழைக்கமாட்டார்கள், அழைத்தால் தவறு, கேள்விப்பட்டவர் வந்து நிற்பதே முறை என்று விளக்குவதற்குள் அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. அதன் பின்னரே அப்பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் அன்று பொழுது சாயும் வரை, அந்த வீட்டுக்குச் செல்லும் கதவுகள் எந்த முகத்துக்கும் திறக்கும்.

எந்த முகத்துக்கும் என்பது முழு உண்மையன்று. விலக்கப்பட்ட முகங்களுக்குத் திறவாது.

எட்டு மணி முதல் மக்கள் வரலாயினர். ஆலையில் உடன் வேலை பார்த்த கிழவர் ஒருவர், வாயிலில் முகம் பார்க்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார். “படம் புடிக்கலைங்க, உள்ளே போங்க” என்றார் சகாயராஜ். “அதெப்படி எனக்குத் தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே கிழவர் உள்ளே போனார். மாலை நான்கு மணிக்கு எடுப்பதாகச் செய்தி பரவியிருந்தது.

பதினொரு மணியளவில் சகாயராஜ் அலுவலகத்துக்குள் விரைந்து வந்தார்.

“மேடம், ஒரு அம்மாவுக்குச் செவப்பாவே எரியுது. மூணு தடவை பார்த்தாச்சு. பொம்பளை அழுதுகிட்டு நிக்காங்க. ஐயாவோட மகளாம்.”

சுடர்விழி எழுந்தாள். காலையிலிருந்து அவள் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த செய்தி அதுதான்.

“நித்திலா அக்கா” என்றாள்.

“அப்ப தொறங்க. பெத்த மக மேடம்.”

“என்னால முடியாதுங்க. விலக்கு போட்டவர் கைதான் விலக்கை எடுக்கோணும். பிரவுசர்ல எனக்கு அந்தப் பட்டனே கிடையாது.”

“போட்டது யாரு?”

“அவங்கப்பா.”

சகாயராஜ் அவளையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். “அவரு மேல ஐஸ் பெட்டியில இருக்காரு. இனிம யாரு எடுக்கதாம்?”

“யாரும் எடுக்க முடியாது. இறப்பைப் பதிஞ்சதும் அது நிரந்தரமாயிரும். விலக்கப்பட்ட ஆளு, போட்டவரைக் கொன்னுபோட்டு உள்ளே வந்துரக் கூடாதில்லீங்களா? அதுக்காக எழுதினது. அவரே எழுதினது.”

சகாயராஜுக்கு இன்னும் விளங்கவில்லை. நடந்துகொண்டே அவள் பழைய கதையைச் சொன்னாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சி பிளாக்கில் வாசுகி என்றொரு பெண் தன் குழந்தையுடன் தனியே இருந்தாள். கணவன் அவளை நெருங்கலாகாது என்று நீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. ஒரு நாள் அவன் கையில் ஒரு பொம்மையுடன் வாயிலில் வந்து நின்று, குழந்தையின் பிறந்த நாள் என்று சொல்லி அழுதான். அப்போது காவலராக இருந்த மாடசாமி மனம் இளகித் தம் முகத்தைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். பத்து நிமிடத்தில் வாசுகி உயிரோடு இல்லை. அவள் தாமோதரசாமியைப் பெரியப்பா என்று அழைத்து வந்தவள். அந்த வாரமே அவர் விலக்கு விதியை எழுதினார். எந்தக் காவலரின் இரக்கமும், எந்த எழுத்தரின் தயவும், எந்தத் தலைவரின் செல்வாக்கும் அதை அசைக்கக் கூடாது என்பதே அவர் நோக்கம்.

“சரி, இதுல மக எங்க வந்தாங்க?”

“அக்கா வக்கீலுங்க. மாடசாமி அண்ணன் மேல போலீஸ்ல கேஸ் போட்டாங்க. அவருக்கு யாரும் ஆஜராகலை. இவங்க ஆனாங்க. பைசா வாங்காம வாதாடி விடுதலை வாங்கிக் குடுத்தாங்க. தீர்ப்பு வந்த அன்னிக்குச் சாயங்காலம் ஐயா இந்தப் பக்கத்தைத் தொறந்து, அவர் எழுதின விதியில மொத விலக்கை என்ற கண்ணு முன்னாலேயே போட்டாரு.”

வாயிலுக்கு வெளியே நித்திலா நின்றாள். நாற்பது வயதிருக்கும். சென்னையிலிருந்து வந்த களைப்பும் அழுகையும் முகத்தை வீங்கச் செய்திருந்தன. அவளுக்குப் பின்னே வந்தவர்கள் அவளைக் கடந்து உள்ளே செல்வதும், ஒவ்வொருவருக்கும் பச்சை விளக்கு எரிவதுமாக இருந்தது. அதைப் பார்க்கச் சுடர்விழிக்குக் கூசியது.

“நல்லா இருக்கியா சுடர்?” என்றாள் நித்திலா. கேட்டுவிட்டு, அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதற்காகத் தானே சங்கடப்பட்டாள். “திறக்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன். வராம இருக்க முடியல.”

சகாயராஜ் குரலைத் தாழ்த்தினார். “மேடம், தீ பட்டனை அமுக்குங்க. தீப்பிடிச்சா எல்லாக் கதவும் தொறக்கும்லா? புகை வந்துச்சுன்னு நானே எழுதிக் குடுக்கேன்.”

சுடர்விழியின் மனமும் அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் திறந்து கிடக்கும், ஐந்து நிமிடம், யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? வாசுகிக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது என்ற நினைப்பும் உடனே வந்தது.

நித்திலா தலையை ஆட்டினாள். “வேண்டாண்ணா. மாடசாமி அண்ணன் நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாரு. விடுதலையான பின்னாடியும் எந்தக் கேட்டுலயும் அவரை நிக்க விடலை. நீங்க இப்ப எனக்காக அமுக்கினா, உங்க கேஸையும் நான்தான் எடுக்கணும். நம்ம ரெண்டு பேருக்கும் அது கட்டாது.”

சகாயராஜ் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

சுடர்விழி அலுவலகத்துக்கு ஓடினாள். தன்னால் எடுக்க இயலாத அவ்விலக்கை ஒரு முறை பார்த்துவிடுவதென்று பக்கத்தைத் திறந்தாள். நித்திலாவின் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இருந்தது. அதற்குக் கீழே, இதுவரை அவள் கவனித்திராத சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘விலக்கை நீக்க உரிமையாளர் மனு. கழிந்த நாள் இருபத்தொன்று. மீதம் ஒன்பது.’

விதியின் மறுபாதி அது. விலக்கை நீக்கக் கோரினால் உடனே நீங்காது. முப்பது நாள் காத்திருக்கும். எவரேனும் மிரட்டி மனுப் போட வைத்திருந்தால், அந்த முப்பது நாளுக்குள் மனுவை ரத்து செய்துகொள்ளலாம். ரத்து செய்யாவிட்டால் முப்பதாம் நாள் விலக்கு தானே விழுந்துவிடும்.

அவள் மூச்சிரைக்க வாயிலுக்குத் திரும்பினாள். “அக்கா, ஐயா மனுப் போட்டிருக்காருங்க. மூணு வாரம் ஆச்சு. இன்னும் ஒம்பது நாள்ல தொறந்திருக்கும்.”

நித்திலா வாயிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். அதுவரை அடக்கமாக அழுதவள் அப்போதுதான் குரலெடுத்து அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்ற சுடர்விழியைக் கடந்து, துக்கம் விசாரித்துவிட்டு நால்வர் வெளியே போனார்கள். அவர்களை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் பார்க்கவில்லை. தீயணைப்புத் துறையின் விதி அது: உள்ளே வருபவரைக் கதவு கேட்கலாம், வெளியே போகிறவரைக் கேட்கக் கூடாது. பதினோர் ஆண்டுகளாக அவள் அறிந்த செய்திதான். ஆயினும் அன்றுதான் அதன் பொருள் அவளுக்கு முழுதாகப் பட்டது.

“அக்கா, நீங்க இங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள்.

ஒன்பதாம் மாடியில், மகன் கிருபாகரன் அவள் சொன்னதைக் கேட்டுக் கொதித்தான். தண்ணீர் மோட்டார்களைத் தயாரித்து விற்பவன், பெற்றோருடனேயே இருந்தவன்.

“தெருவுல கொண்டுபோய் வெக்கறதா? எதுத்தாப்ல டீக்கடை, பக்கத்துல பஸ் ஸ்டாப்பு. முன்னூறு பேரைக் கட்டி மேய்ச்ச மனுசனுங்க அவரு. போற வர்றவனெல்லாம் எட்டிப் பார்த்துட்டுப் போவான். அக்கா பார்க்கோணும்னா சுடுகாட்டுக்கு வரட்டும்.”

“அங்கே பத்து நிமிஷங்கூடக் குடுக்க மாட்டாங்கண்ணா. மூடின வண்டியில இருந்து நேரா உள்ளே தள்ளிருவாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்றது? விதியை எழுதினது நானா?”

கூடத்தில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் கமலவேணி அமர்ந்திருந்தார். வருடத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போய் மகளைப் பார்த்து வருபவர். கணவர் அவரை ரயில் நிலையம் வரை கொண்டு விடுவார். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அவர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“கிருபா, நாலு மணிக்குப் போறவரு ரெண்டு மணிக்குப் போகட்டும். எப்படியும் போகத்தானே போறாரு.”

“அம்மா, மானம்னு ஒண்ணு…”

“அவரு மானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் என்ற புள்ளை வாசல்ல நிக்கிது. எடுங்கப்பா.”

எடுத்தார்கள். தெருவாயிலுக்கு வெளியே, நடைபாதையை ஒட்டிச் சாமியானா போட்டார்கள். தேநீர்க் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் தம் பலகைகளைத் தாமே தூக்கி வந்து போட்டார். துக்கத்துக்கு வந்திருந்தவர் அனைவரும் மாடிகளிலிருந்து இறங்கி வெளியே வந்தனர். ஒவ்வொரு கதவும் யாரையும் எதுவும் கேளாமல் விலகி வழிவிட்டது. வாயிலின் மேலிருந்த, குடியிருப்போர் போகும் நேரத்தை எழுதி வைக்கும் படக்கருவி மட்டும் இறந்தவரைப் பார்த்துக் குறித்துக்கொண்டது: ‘தாமோதரசாமி, 2.12, வெளியே சென்றார்.’

நித்திலா தந்தையின் முகத்தருகே அமர்ந்தாள். கன்னத்தில் கை வைத்தாள், குளிர்ச்சியில் கை தயங்கியது, மீண்டும் வைத்தாள். “ஒம்பது நாள் முன்னாடி போட்டிருக்கக் கூடாதாப்பா?” என்று கேட்டாள். “முப்பது நாள்னு எழுதினீங்களே, பத்து நாள்னு எழுதியிருக்கக் கூடாதா?” சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். எதிரே அமர்ந்திருந்த கமலவேணியின் கையில் விசிறி நின்றுவிட்டது. என்ன மனு என்று அவர் கேட்கவில்லை. அதைச் சுடர்விழி கவனித்தாள். துக்கத்தில் இருப்பவர் எதைத்தான் கேட்பார் என்று எண்ணி விட்டுவிட்டாள். மகளும் மகனும் ஒருவர் பின் ஒருவராக வாய்க்கரிசி இட்டனர்.

இறப்பைப் பதிவதற்கு விதி கொடுத்த அவகாசம் மூன்று நாள். மூன்றாம் நாள் பிற்பகல் வரை சுடர்விழி அப்படிவத்தைத் தொடவில்லை. தொட்டவுடன் நிலுவையில் உள்ள மனு நீங்கும், விலக்கு நிலைத்துவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கும், அதன் பின் தாயைப் பார்க்கவும், நித்திலா ஒருக்காலும் அந்த வாயிலுக்குள் வர இயலாது. தொடாவிட்டால், பதினோர் ஆண்டுகளில் முதல் முறையாக அவள் பதிவேட்டில் தெரிந்தே ஒரு பொய் இருக்கும். மூன்று மணிக்குக் கணினியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குச் சென்றாள்.

கமலவேணி தனியே இருந்தார். அவள் விவரத்தைச் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் கேட்டார்.

“இன்னிக்குக் கடைசி நாளுங்கம்மா. நான் பாட்டுக்குக் கீழேயே உக்காந்து பதிஞ்சிருக்கலாம். மனசு ஒப்பலை. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு…”

“பதிஞ்சுரு கண்ணு.”

சுடர்விழி திகைத்தாள். “அம்மா, இன்னும் ஆறே நாளுங்க. அவர் ஆசைப்பட்டு மனுப் போட்டிருக்கையில…”

“அது அவர் போட்ட மனு இல்லை” என்றார் கமலவேணி. “நான் போட்டது. அவரு சாயங்காலம் நடக்கப் போயிருந்தாரு. அந்தப் பக்கம் எப்பவும் மேசையில தொறந்தே கெடக்கும். கடவுச்சொல் கேட்டுச்சு. நித்திலா பொறந்த தேதியைப் போட்டேன், விட்டுருச்சு. பார்த்துக்க, அவ மொகத்தை விலக்கி வெச்ச மனுசன் எதைக் கடவுச்சொல்லா வெச்சிருந்தாருன்னு. அந்தத் தைரியத்துலதான் அமுக்கினேன். அவருக்குத் தெரியாது. முப்பது நாள் தெரியாம ஓட்டிட்டா அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

சுடர்விழி அவர் அருகே தரையில் அமர்ந்தாள்.

“நீ கேட்டுல நின்னு, அப்பா மனுப் போட்டாருன்னு சொல்லியிருக்கே. அவ அதைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அப்ப நான் வாயைத் தொறக்கலை. அவரு பொணத்தை நடுவுல வெச்சுக்கிட்டு, அவரு சொல்லாததைச் சொன்னதா ஆக்கிட்டேன். நாப்பத்தாறு வருசம் அந்த மனுசனை நான் ஏமாத்தினது கெடையாது. கடைசியா ஏமாத்தி அனுப்பிட்டேன். அழிச்சுரு கண்ணு. அவரு சம்மதமில்லாம அது உள்ளே வந்தா, என்னால இந்த வீட்டுல உக்காந்து சோறு திங்க முடியாது.”

சுவரைப் பார்த்தபடி அவர் அழுதார். சுடர்விழி மடியில் கணினியைத் திறந்தாள். படிவத்தைத்தான் திறக்க எண்ணினாள். ஆனால் பதிவுகளோடு வாழ்ந்தவளுக்கு உரிய பழக்கம் ஒன்று குறுக்கிட்டது: எதை அழிக்கும் முன்னும் அதன் குறிப்பேட்டை ஒரு முறை முழுதும் வாசிப்பது. மனுவின் குறிப்பேட்டைத் திறந்தாள். வாசித்தாள். பிறகு முதலிலிருந்து மீண்டும் வாசித்தாள்.

“அம்மா, இங்கே வந்து பாருங்க.”

“எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. நீயே படி.”

“மனுப் போட்டவுடனே, உரிமையாளர் போனுக்குத் தினமும் காலையில ஆறு மணிக்கு ஒரு சேதி போகுங்க. மிரட்டிப் போட வெச்சிருந்தா ரத்து பண்றதுக்காக. எங்கிருந்து போட்டது, எத்தனை மணிக்குப் போட்டதுன்னு எல்லாமே அதுல இருக்கும். இங்கே பாருங்க: ‘வீட்டுக் கணினி, மாலை 5.40’. அஞ்சு மணிக்கு வெளியே போனவர் ஆறேகாலுக்குத்தான் உள்ளே வந்திருக்காரு. அதை அவரைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?”

கமலவேணி திரும்பினார்.

“மொத நாள், ஆறு பத்து, படிக்கப்பட்டது. ரெண்டாம் நாள், ஆறு எட்டு, படிக்கப்பட்டது. மூணாம் நாள், படிக்கப்பட்டது. இப்படியே இருபத்தொரு நாளும் படிச்சிருக்காருங்கம்மா. ஒரு நாள் விடலை. சேதிக்குக் கீழேயே ரத்து பண்ற பட்டன் இருக்கும். ஒரே ஒரு நாள்தான் அதை அமுக்கியிருக்காரு.”

“எந்த நாள்?”

“பதினாலாம் நாள். அமுக்கினதும், உறுதியான்னு கேட்கும். இல்லைன்னு அமுக்கிட்டு வெளியே வந்துட்டாரு.”

கமலவேணி விரல்விட்டு எண்ணினார். “அன்னிக்குத்தான் உப்புமாவுல உப்பில்லைன்னு தட்டைத் தள்ளி வெச்சாரு” என்றார். சிறிது பொறுத்து, “உப்பு சரியாத்தான் இருந்துச்சு” என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறியது. “இருபத்தொரு நாள் கண்ணு! நான் திருட்டு முழி முழிச்சுக்கிட்டே காபி ஆத்திக் குடுத்தேன். அந்த மனுசன் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி வாங்கிக் குடிச்சிருக்காரே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்டிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே.”

சுடர்விழி அவர் அழுது ஓயும் வரை காத்திருந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்வதே அவள் வழக்கம். அப்போதும் அதையே செய்தாள். “மன்னிச்சாருன்னு நான் சொல்ல மாட்டேனுங்கம்மா. மிச்சமிருந்த ஒம்பது நாள்ல என்னைக்காவது ரத்து பண்ணியிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. இருபத்தொரு நாள் தடுக்கலைன்னு மட்டுந்தான் இதுல இருக்குது.”

“அவர்கிட்ட அதுக்கு மேல கேட்கக் கூடாது” என்றார் கமலவேணி. “கல்யாணம் பண்றதுக்கும் அவரு சரின்னு சொல்லலை. வேண்டாம்னு சொல்லலை, அவ்வளவுதான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தச் சேதி இன்னும் வருமா?”

“ஆறு நாள் வருங்க. பதிவு பண்ணாம இருந்தா.”

கமலவேணி அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. பதிய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பதிகிறேன் என்று சுடர்விழியும் சொல்லவில்லை. கணினியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

அன்று அலுவலகத்தில் அவள் வெகுநேரம் படிவத்தின் முன் அமர்ந்திருந்தாள். மாடசாமியை நினைத்தாள். அவர் அறியாமல் இரங்கினார். அதனால் ஓர் உயிர் போயிற்று. விதி அந்த உயிரின் மேல் எழுதப்பட்டது. அதனை அவள் ஒருபோதும் அற்பமாக நினைத்ததில்லை. இப்போதும் அவ்விதி தவறென்று அவளுக்குத் தோன்றவில்லை. கதவுக்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே சொற்கள்தாம் தெரியும். ஒரு மனிதர் இருபத்தொரு காலைகளில் அவ்விரண்டுக்கும் நடுவே நின்றிருந்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஐந்து மணிக்குப் படிவத்தை வெறுமையாகவே விட்டு வீட்டுக்குச் சென்றாள்.

மறுநாள் காலையில் வந்ததும் குறிப்பேட்டைத் திறந்தாள். அவர் இறந்த நாளும் அதற்கடுத்த இரு நாள்களும் ‘படிக்கப்படவில்லை’ என்றிருந்தன. அவற்றுக்குக் கீழே புதிய வரி ஒன்று இருந்தது: ‘இருபத்தைந்தாம் நாள், 6.10, படிக்கப்பட்டது.’ அதற்கடுத்த நாளும் அவ்வாறே இருந்தது. ஒன்பதாம் மாடியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள் அக்கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். ரத்து என்ற பொத்தான் அவர் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்திருக்கும். பதிவேட்டைப் பொறுத்தவரை தாமோதரசாமி இறக்கவில்லை. வியாழக்கிழமை பகல் 2.12-க்கு வெளியே சென்றிருந்தார், இன்னும் திரும்பவில்லை.

“மேடம், ஐயா பேரு இன்னும் பச்சையிலயே இருக்கு” என்றார் சகாயராஜ் ஒரு நாள், தம் வாயில் திரையைக் காட்டி.

“இருக்கட்டுங்க” என்றாள் சுடர்விழி.

முப்பதாம் நாள் மாலை, வழக்கமாகக் கிளம்பும் நேரம் கடந்தும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. ஐந்து நாற்பதுக்கு நித்திலாவின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புக் கோடு மறைந்தது. ஓசை ஒன்றும் எழவில்லை. எந்தக் கதவும் அசையவில்லை.

பிறகு அவள் இறப்புப் படிவத்தைத் திறந்தாள். அந்தப் பக்கம் பின்னோக்கிப் பார்ப்பதில்லை. பதிவான வரிசையிலேயே செல்லும், நீங்கிய விலக்கு இனி மீளாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆண்டு இறுதியில் சங்கத்தார் நியமிக்கும் தணிக்கையாளர் மனிதர். அவர் பின்னோக்கிப் பார்ப்பார். இறந்த தேதி என்ற கட்டத்தில் உண்மையான தேதியையே இட்டாள். உடனே பக்கம் நிறம் மாறி, பதிவு ஆறு நாள் தாமதம் என்று சொல்லிக் காரணம் கேட்டது. தேர்ந்துகொள்ள நான்கு கொடுத்திருந்தது: மறதி, வேலைப்பளு, சான்றிதழ் கிடைக்கவில்லை, பிற.

முதல் மூன்றில் எதைத் தொட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள் நான்காவதைத் தொட்டாள். எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கட்டம் விரிந்தது.

‘தெரிந்தே தாமதித்தேன்’ என்று எழுதி, கீழே தன் பெயரை இட்டு, சேமித்தாள்.